நோயல் சித்தப்பா கேட்காத பக்கம்

என் சித்தப்பா நோயலுக்குக் காது மேல் அபாரக் கர்வம். பிரேசர் டவுன் மாதா கோயிலில் பத்து வருஷம் ஆர்கன் வாசித்தவர். யாராவது சுதி பிசகிப் பாடினால் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். அந்தக் காதை நம்பித்தான் கண்டோன்மெண்டில் இருந்த ராயல் டோன் கிராமபோன் கம்பெனி 1931-ல் அவருக்கு வேலை கொடுத்தது.

ராயல் டோன் சொந்தமாகப் பாட்டுப் பதிவு செய்து வளர்ந்த கம்பெனி அல்ல. நொடித்துப்போன சின்னக் கம்பெனிகளை வாங்கி வாங்கிப் பெருத்தது. முதலில் மயில் மார்க், பிறகு நிலா மார்க், 1936-ல் சங்கு மார்க். ஒவ்வொன்றை விழுங்கும்போதும் அதன் அச்சுத் தகடுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அந்தத் தகடு இருக்கும்வரை எத்தனை இசைத்தட்டு வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உருக்கிவிட்டால் அந்தப் பாட்டு அத்தோடு சரி. எதை வைப்பது, எதை உருக்குவது என்று மாதிரித் தட்டைப் போட்டுக் கேட்டுக் குறிப்பதுதான் சித்தப்பாவின் வேலை. உருக்க வேண்டியதற்குச் சிவப்புப் பென்சில்.

இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்பது கம்பெனி விதி. சித்தப்பா முதல் பக்கத்தை ஒரு நிமிஷம் கேட்பார், அவ்வளவுதான். "ஒரு சோறு போதும்" என்று வீட்டில் வந்து பெருமை வேறு அடித்துக்கொள்வார். நாங்களும் சிரித்தோம்.

சங்கு மார்க் பெட்டியில் 214-ஆம் தட்டு ஒரு பாட்டு வாத்தியாரின் ஆர்மோனியம். கட்டைகள் இழுத்துக்கொண்டு கத்தின. அரை நிமிஷம்கூடப் பொறுக்காமல் சித்தப்பா ஊசியைத் தூக்கிச் சிவப்புக் கோடு போட்டார். தகடு உருக்கப் போயிற்று. ஏஜெண்டுகளிடம் விற்காமல் கிடந்த தட்டுகளும் திரும்பி வந்து நொறுக்கப்பட்டன.

மூன்று வாரம் கழித்து அல்சூரிலிருந்து ஸ்ரீகண்டன் என்று ஒருவர் வந்தார். மைசூர் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அவர் மனைவி கோமளம் ஒரே ஒரு முறை ரிக்கார்டில் பாடியிருந்தாள். குடும்பப் பெண் பெயர் வெளியே வரக் கூடாது என்று, வாத்தியாரின் ஆர்மோனியத்தை முன்பக்கம் வைத்து, அவள் பாட்டைப் பெயர் போடாமல் மறுபக்கத்தில் ஒளித்துவிட்டார்கள். அப்போது அப்படித்தான் வழக்கம். கோமளம் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீடு மாற்றும்போது அவரிடம் இருந்த ஒரே தட்டும் உடைந்துவிட்டது. தகட்டிலிருந்து இன்னொன்று அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டார். நம்பர் 214.

அந்தத் தகடு தங்களுக்கு வந்து சேரவேயில்லை என்று சித்தப்பா சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அதை நான் புரிந்துகொள்கிறேன். அதற்குப் பிறகு செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழைய தட்டு விற்கும் கடைகளில் எங்காவது ஒரு பிரதி கிடைக்கலாம் என்று ஸ்ரீகண்டன் ஞாயிறுதோறும் அலைந்தார். பூசை முடிந்ததும் சித்தப்பாவும் கூடப் போனார். ஐந்து வருஷம். தானே அழித்த ஒன்றை, ஒன்றும் தெரியாதவர் போல, குனிந்து குனிந்து தேடினார். தேடி முடித்து இருவரும் எங்கள் வீட்டுக்குத்தான் காப்பிக்கு வருவார்கள். பெர்னதெத் சித்திக்கு விஷயம் தெரியும். ஸ்ரீகண்டன் முகத்தைப் பார்க்கக் கூசி, டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

1941-ல் ராயல் டோனையே ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. தட்டுகளைக் கேட்க அவர்களிடம் வேறு ஆள் இருந்தான். சித்தப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இழக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது. அடுத்த ஞாயிறு, காப்பி ஆறிக்கொண்டிருக்க, தகடு வந்ததையும் சிவப்புக் கோடு போட்டதையும் சொன்னார்.

ஸ்ரீகண்டன் கோபப்படுவார் என்று சித்தியும் நானும் கதவருகில் நின்றிருந்தோம். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்போ அது உங்க கைக்கு வந்திருக்கு. அவ பாடினதை நீங்க கேட்டிருக்கேள், இல்லையா?"

"இல்ல சார். மறுபக்கம் போடவே இல்ல."

ஸ்ரீகண்டன் ஆறிப்போன டம்ளரைக் கையில் எடுத்தார்.

"இப்பல்லாம் அவ குரல் எனக்கே சரியா ஞாபகம் வரமாட்டேங்கறது, நோயல். கேட்டவா யாராவது ஒருத்தர் இருந்தா எப்படி இருந்துதுன்னு விசாரிச்சுக்கலாமேன்னு நெனச்சேன்."

காப்பியைக் குடித்து முடித்தார். சித்தியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஞாயிறு சித்தப்பா கமர்ஷியல் தெருவில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தாராம். ஒரு கடை வாசலில் உட்கார்ந்து, பழைய தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.