பாடுறவர் வராத கேசட்

எங்கள் கேசட் பதிவுத் தொழிலில், ஆள் படியேறும் முன்பே சட்டைப் பையில் டப்பா குலுங்கும் சத்தம் வந்துவிடும். திருப்பிக் கொடுக்க வருகிறவரின் டப்பா கொஞ்சம் வேகமாகவே குலுங்கும். கடை வைத்துக் கஷ்டப்பட்டவர்களுக்கு இது தெரியும்.

ராஜபாளையத்தில் கடை. பகல் வியாபாரம் முதலாளிக்கு, ராத்திரிப் பதிவு எனக்கு. யாரும் சொல்லித்தராமல் நானாகப் பழகிய வேலை. கப்பலில் வேலை பார்த்த ஒருவர், தனக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு வெளிநாட்டுக் கேசட்டைத் தந்துவிட்டுப் போனார். இரண்டு கிடார், ஒரு பேஸ் கிடார், டிரம்ஸ், அவ்வளவுதான். பாடகரே கிடையாது. மெல்ல ஊர்ந்துகொண்டே வந்து, திடீரென்று நாலு பேரும் சேர்ந்து எழுந்து அடிப்பார்கள். எனக்கு அது பிடித்ததா, பயமா என்று தெரியவில்லை. ஆனால் அது இல்லாமல் ராத்திரி ஓடவில்லை.

முதலாளி சொல்லிவிட்டார்: “ஆடிப்பூரத்துக்குள்ள ஒருத்தராவது இதப் பதிஞ்சு வாங்கிட்டுப் போயித் திரும்பக் கொண்டுவராம இருக்கட்டும், வச்சிருப்போம். இல்லாட்டி அழிச்சுட்டு பக்திப் பாட்ட ஏத்திடுப்பா.”

டீக்கடை

சேத்தூர் டீக்கடைக்காரருக்கு முதல் பிரதி. மறுநாளே டப்பா வேகமாகக் குலுங்கியது. கடையில் எல்லாரும் டீயை ஆறவிட்டுக் காத்திருந்தார்களாம். “ஏன் அண்ணாச்சி, பாடுறவரு பஸ்ஸ விட்டுட்டாரா?”

இடைவெளி

நடுவில் சத்தம் அடங்கிவிட்டால் ‘டேப் காலி’ என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் இடைவெளி வந்தால் பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை அமுக்குவது எங்கள் வழக்கம். சவுண்டு செட் வாடகைக்கு விடும் பாய்க்குப் பதிந்தபோதும் அமைதியையெல்லாம் நறுக்கிவிட்டேன். கேட்டுவிட்டு வந்தவர் முகம் வெளிறியிருந்தது. “செத்த நேரங்கூட மூச்சு விடாம அடிக்கானுவளே, உசுரோடதான் இருக்கானுவளா?”

கரண்டு

ஆடிப்பூரத்துக்கு முந்தின காலை. நறுக்காத கேசட் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி வந்து கல்லாப்பெட்டிப் பூட்டைத் திறந்தபடி நின்றார். சோழபுரம் நூல் மில்லில் வேலை பார்க்கும் பெண் ஒன்று ஷிப்டு முடிந்து வந்து வாசலில் நின்றது. கிடார் தேய்ந்து அமைதியானது. என் கை வழக்கம்போல் பட்டனுக்குப் போனது.

“நிறுத்தாதீங்கண்ணே. கரண்டு போயிருக்கு.”

கேசட்டில் நாலு பேரும் ஒன்றாக அடித்து இறங்கினார்கள்.

“வந்துருச்சு!” என்று சிரித்தது. “எங்க மில்லேதான். கரண்டு போனா மெஷினெல்லாம் இப்படித்தான் அடங்கும், வந்தா ஒண்ணா எழும்பி அடிக்கும்.”

பதிந்து தரட்டுமா என்றேன்.

“ஐயோ வேண்டாம்ண்ணே! ராத்திரி பூரா இதத்தான கேக்கேன், வீட்லயும் கேக்கவா?”

கேட்டவர்களில் புரிந்த ஒரே ஆளுக்கு அது வேண்டாம், வேண்டிய ஒரே ஆளான எனக்கோ இன்றுவரை புரியவில்லை என்பதால், ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்து, மேலே பதிய முடியாதபடி கேசட்டில் விட்டிருந்த ஓட்டையை ஒட்டு டேப்பால் மூடி, பக்திப் பாட்டை ஏற்றத் தொடங்கினேன்.