சாமி மலையேறும்வரை வாசித்த பாட்டு

என் தையல் டப்பாவில் ஊசிகளுக்கும் பொத்தான்களுக்கும் நடுவே ஒரு முக்கோணப் பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறது. பெயின்ட் வாளி மூடியை வெட்டித் தேய்த்துச் செய்தது. கம்பிகளை மீட்டுவதற்கு எங்கள் பாட்டுக் குழுவின் கிதார் அண்ணன் இதைத்தான் விரலிடுக்கில் பிடித்திருப்பார். கடையில் விற்பது கைக்குச் சரிப்படவில்லை என்பார். வாங்கிப் பார்த்தால்தானே சரிப்படுவதற்கு!

தேனியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பாடிக்கொண்டிருந்த காலம் அது, தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணம், கோயில் பொங்கல் என்று கம்பம் பள்ளத்தாக்கில் நாங்கள் ஏறாத மேடை இல்லை. மேடையில் எல்லாம் சினிமாப் பாட்டுதான். ஆனால் வேனில் போகும்போதெல்லாம் அண்ணன் ஒரே ஒரு பழைய ஆங்கில ராக் பாட்டைத்தான் வாசிப்பார். மைனர் ஸ்ருதி, கேட்டாலே மனதைப் பிசையும். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு மெல்ல ஆரம்பித்து, போகப்போக வேகமெடுத்து, மூச்சு வாங்க வைத்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து அடங்கும். அதை ஒருமுறை மேடையில் முழுசாக வாசித்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. குழுவின் ஓனர் விடவே மாட்டார். “ஏலே, எழவு வீட்டுப் பாட்டு கணக்கா இருக்கு. சனம் எந்திரிச்சுப் போயிரும்” என்பார்.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. குமுளியில் மாமனாரின் ஏலக்காய்க் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இனிக் கச்சேரி கிடையாது என்று பேச்சு. அவருடைய கடைசி மேடை காமயகவுண்டன்பட்டிக்கு அடுத்த ஊரில், அம்மன் கோயில் பொங்கலுக்கு. பொழுது சாய்கிற நேரம். நான் பாட வேண்டிய தனிப்பாட்டுகளைப் பாடி முடித்திருந்தேன். மீதியெல்லாம் ஜோடிப் பாட்டு. ஆண் பாடகர் வந்த பஸ்ஸோ சின்னமனூரில் பழுதாகி நின்றுவிட்டது. ஓனர் வேறு வழியில்லாமல், “அவரு வர்ற வரைக்கும் அதையாச்சும் வாசிச்சுத் தொலை. ரெண்டு நிமிசந்தான்” என்றார். அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வார்த்தைகள் சரியாகத் தெரியாததால் வெறும் கிதாராகவே வாசித்தார். மெதுவான பகுதியில் கூட்டம் கடலை கொறித்தபடி ஊர்க்கதை பேசியது. ஓனர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். பாட்டு வேகமெடுத்ததும் டோலக் வாசித்தவருக்குத் தாளம் பிடிபடவில்லை; கைக்கு வந்த, சாமியாட்டத்துக்கு அடிக்கிற உறுமி அடியைப் போட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் முன்வரிசையில் ஒரு பெரியம்மா எழுந்து, கூந்தல் அவிழ, ஆடத் தொடங்கினார். அம்மன் வந்துவிட்டாள்!

ஓனர் பதறிப்போய் நிறுத்தச் சொல்லிக் கையை வீசினார். பூசாரி மேடையோரம் ஓடிவந்து, “நிறுத்திப்புடாதீக! ஆத்தா ஆடுறா, மலையேறுற வரைக்கும் வாசிங்க!” என்று கத்தினார். அதற்கப்புறம் யார் நிறுத்துவது? வேகமான பகுதியையே அண்ணன் திரும்பத் திரும்ப வாசித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெரியம்மா ஆடி ஓய்ந்து, பூசாரி திருநீறு பூசித் தரையில் சாய்த்த பிறகுதான், பாட்டின் அந்த மெல்லிய முடிவுக்கு அண்ணன் வந்தார். கடைசிக் கம்பி அடங்கும்போது பெரியம்மா கண்ணைத் திறந்து, “தண்ணி குடு ஆத்தா” என்றது மேடைவரை கேட்டது.

கைதட்டுவார்கள் என்று அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் தட்டவில்லை. அத்தனை பேரும் எழுந்து கைகூப்பி நின்றிருந்தார்கள். அவர் அழுதுவிட்டார். நானும்தான். பூசாரி கிதாருக்கும் திருநீறு பூசிவிட்டுப் போனார். வேனில் ஏறும்போது இந்தத் துண்டை என் கையில் வைத்து, “ஏலக்காய் அளக்க இது எதுக்கு தங்கச்சி” என்றார் அண்ணன்.

போன வாரம் என் மகன் அதே பாட்டைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தான். பக்கத்திலேயே விவரம் போட்டிருந்தது. வேகம்: மெதுவாகத் தொடங்கி விரைவு. ஸ்ருதி: மைனர். மனநிலை: சோகம். டப்பாவைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டேன். ஏதோ பெரிய மைதானத்தில் வாசித்தது. பாட்டு முடிந்ததும் ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்கள் விசிலடித்து, விடாமல் கைதட்டினார்கள்.

“எப்படிம்மா?” என்றான் மகன்.

“நல்லாத்தான் வாசிக்கிறாக. பாவம், வெறும் கைதட்டல்தான் கெடச்சிருக்கு” என்றேன்.