மாதாவின் மடியில் நான் இல்லை

முதலில் மரத்தது இடது காலின் பெருவிரல். அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரியில் நான் டிரைவர். கிளட்சை மிதித்தேன், மிதித்தேனா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

பத்து நாள் முன்பு வந்துபோன வயிற்றுப்போக்கின் அசதி என்று நினைத்தேன். முதலில் பார்த்த டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். அந்த இரண்டு நாள் வீணாய்ப் போனதில் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

மூன்றாம் நாள் எழ முடியவில்லை. பெரம்பலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, குல்லியன் பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்கள்.

"நரம்பு மேல இருக்கிற உறை போயிடுச்சு. திரும்ப வளரும், ஆனா மெதுவாத்தான். அவசரப்படாதீங்க," என்றார் டாக்டர்.

அன்று மாலையே மூச்சும் தடுமாறியது. வென்டிலேட்டர் (செயற்கை மூச்சுக் கருவி) வைத்தார்கள். பிறகு தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். இந்த நோயில் அறிவு மங்குவதில்லை. எல்லாம் கேட்கும், மூக்கு அரிக்கும், சொறிய மட்டும் முடியாது. இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, திருமானூர்ப் பக்கமுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்பா இல்லை. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையை விட்டுவிட்டு அம்மாதான் பார்த்துக்கொண்டாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, என்னை மடியில் சாய்த்துக் கஞ்சி ஊட்டுவாள்.

ஒருநாள் சின்னம்மா வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, ஒன்னப் பாத்தா நம்ம கோயில் வியாகுல மாதா மாதிரியே இருக்குக்கா," என்று அழுதார்.

சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தி, தலை சாய்த்துப் பார்க்கும் மாதா சுரூபம் (சிலை) அது. அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். சொல்லச் சொல்ல அம்மாவின் முகத்தில் ஒரு அமைதி வந்ததைக் கவனித்தேன். அவள் தலையும் கொஞ்சம் சாயத் தொடங்கியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்டைத் துளை மூடிக் குரல் திரும்பியதும் அவளிடம் நான் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான்:

"ம்மா, அவரு செத்துட்டாரு. நான் இன்னும் சாவல."

"அப்படியெல்லாம் பேசாதப்பா," என்று என் வாயைத் துடைத்துவிட்டாள்.

பிறகு மாதா சபைப் பெண்கள் அதே சுரூபத்தைச் சிறிய அளவில் வாங்கிவந்து, என் கால்மாட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்கள். என்னால் கழுத்தைத் திருப்ப முடியாது. தொங்கும் அந்தக் கையைத்தான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையும் அப்படித்தான் தொங்கியது. அம்மாவிடம் அதை எடுக்கச் சொன்னேன்.

"மாதாவ வெளிய வைக்கச் சொல்றியா?"

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்த காரியம்.

நான்காம் நாள் பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சி வழியே தசைகளைப் பழக்குபவர்) வந்தார். இளம்பெண். என்னை உட்கார வைத்ததும், வழக்கம்போல் அம்மா பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள்.

"அம்மா, கைய எடுங்க."

"விழுந்துடுவான்மா."

"விழட்டுங்க. சுத்தித் தலகாணி இருக்கு. நீங்க புடிச்சுகிட்டே இருந்தா அவரு முதுகுக்கு வேலையே இல்ல."

அம்மா கையை எடுத்தாள். விழுந்தேன். தூக்கி உட்கார வைத்தார்கள், மறுபடியும் விழுந்தேன். பார்க்க முடியாமல் அம்மா வெளியே போய்விட்டாள். கடைசியில் நான்கு எண்ணும்வரை உட்கார்ந்தேன். அதை அவள் பார்க்கவில்லை.

அன்று சோறு ஊட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"குழாயோட கெடந்தப்ப நீ போயிட்டேன்னே நெனச்சுட்டேன். மாதா மாதிரின்னு அவங்க சொன்னதுதான் எனக்குப் புடிமானமா இருந்துச்சு."

என்னை உயிரோடு மடியில் வைத்துக்கொண்டே இழப்புக்குப் பழகியிருக்கிறாள். அது தெரிந்ததும் கோபம் போய்விடவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுரூபத்தை எடுத்தாள். "இது ஒனக்கு வேணாம். எனக்கு வேணும். அடுப்பங்கரையில வச்சுக்கிறேன்."

வாக்கரைப் பிடித்து நடக்க மேலும் ஒன்பது மாதம் ஆனது. இடது பாதம் இன்னும் தொங்குகிறது. லாரி ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 'பொறுமையா இரு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேறு வழியில்லாதவனிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போனோம். கூட்டம் மாதாவின் முகத்தைப் பார்த்து அழுதது. நான் அந்த மகனின் முதுகைப் பார்த்தேன். அப்படி வளைந்து கிடந்தால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

சபைப் பெண் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து, "ஒக்காருப்பா," என்றார்.

"வேணாங்க, நிக்கட்டும்," என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நின்றேன். எவ்வளவு நேரம் என்று இப்போது எனக்கு மணிக்கணக்கில் சொல்ல வராது. இடது முழங்கால் நடுங்கத் தொடங்கும்வரை ஒரு பொழுது. அந்த நடுக்கம் அடங்கும்வரை இன்னொரு பொழுது. அன்று அப்படி ஐந்து பொழுது நின்றேன்.