ஒன்றரைச் சுற்று

அம்பத்தூர் மெக்கானிக் கஜபதிக்கு வாய் கொஞ்சம் நீளம். கம்பெனிக்காரன் பொருத்திய எதையும் சும்மா விடமாட்டார். நாலு ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினைத் தானாகவே இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒன்று உண்டு. அது தேய்ந்தால் எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

"தானா இறுக்கிக்கும்னு புக்குல போட்டுக்கீறான். தானா எது நைனா சரியாச்சு?" என்று சொல்லி, உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கைத் தூக்கிப்போடுவார். மூடியில் ஓட்டை போட்டு, மரை எடுத்து, ஒரு போல்ட்டும், அது கழலாமல் பிடிக்க லாக் நட்டும் வைப்பார். பிறகு வேண்டியபோது கையால் இறுக்கிக்கொள்ளலாம். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் வரை அந்த வேலைக்காக எந்த வண்டியும் அவரிடம் திரும்பி வந்ததில்லை.

எட்மண்டின் வண்டிதான் வந்தது. அயனம்பாக்கத்தில் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறவன். வண்டி அக்கா புருஷன் இக்னேஷியஸுடையது. பாவம், மனிதர் போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

"இன்னா அண்ணாத்தே, மறுபடியும் சத்தம் வந்துகினு கீதே?" என்றான் எட்மண்ட்.

போல்ட் ஒன்றரைச் சுற்று வெளியே வந்திருந்தது. ஆனால் லாக் நட் கெட்டியாக இறுகியிருந்தது. அதிர்வில் நட்டு கழலும், வாஸ்தவம். கழன்ற நட்டு தானே திரும்ப இறுகுமா? கஜபதி இறுக்கி, அசைந்தால் தெரியும்படி பெயிண்டால் கோடு போட்டு அனுப்பினார். நாலாம் நாள் அதே ஒன்றரைச் சுற்று. அடுத்த வாரமும் அதே. செயின் ஒரு பல் தாண்டினால் ஓடுகிற எஞ்சின் அப்படியே பிடித்துக்கொள்ளும். பின்னால் லாரி வந்தால் எட்மண்ட் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டுக்கே போனார். எட்மண்ட் குளித்துக்கொண்டிருந்தான். அவன் அக்கா சகாயமேரி வண்டியருகே குத்தவைத்து, போல்ட்டைத் தளர்த்திவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டை பம்ப் கம்பெனியில் பதினோரு வருஷம் நட்டு முடுக்கிய கை அது.

"சத்தம் இல்லாம வந்தா யாரோ வர்ற மாதிரி கீதுண்ணே," என்றாள் சாதாரணமாக. "சத்தத்தோட வந்தாத்தான் தெருமுனையிலயே அவருன்னு தெரியும். எழுந்து சோறு போடுவேன்."

"அவரு இல்லம்மா. வந்துகினு கீறது உன் தம்பி. செயின் தாண்டிச்சுன்னா அவனும் போயிடுவான்."

"ஒன்றரைக்கு மேல தொடமாட்டேண்ணே."

கஜபதி போல்ட்டை இறுக்கி, நட்டை முடுக்கி, அரத்தை எடுத்து இரண்டின் முனைகளையும் மழுங்க ராவினார். இனி எந்த ஸ்பேனரும் பிடிக்காது, அவருடையதும்தான். அவள் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிக்கரை உதைத்தார். எஞ்சின் சீராக ஓடியது. கடகடப்பு துளிகூட இல்லை.

சகாயமேரி அந்த வண்டியைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தாள். சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் வந்துட்டாங்க," என்றாள். "இவரை மட்டும் இன்னும் காணுமே, அண்ணே?"