ஐஸ் ஹொக்கிக்கு ஆள் சேர்த்த கதை

போன சனிக்கிழமை டீப் ஃபிரீசர் வாங்கப் போனோம். மீனை மொத்தமாக வாங்கி வைக்க வேண்டுமென்று மனைவிக்கு நெடுநாள் ஆசை. கடைப் பெடியன், ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் மூடியைத் தூக்கிக் காட்டினான். உள்ளேயிருந்து ஒரு மணம் வந்தது. புது ரப்பர், குளிர்ந்த இரும்பு, அடியில் எங்கோ நனைந்த சப்பாத்து. நான் தலையை உள்ளே விட்டேன். எவ்வளவு நேரம் விட்டிருந்தேனோ தெரியாது.

"என்னப்பா, வாங்க முதலே உள்ளுக்கை குடிபோறியளோ?" என்றாள் மனைவி.

என்ன செய்ய, அது ஐஸ் ஹொக்கி மண்டபத்தின் மணம். கிட்டத்தட்ட நாற்பது வருடத்துக்குப் பிறகு அது என்னை ஒரு குளிர்பெட்டிக்குள் வைத்துப் பிடித்துவிட்டது. வெளியே வந்தபோது காது மரத்திருந்தது, வாய் காதுவரை போயிருந்தது. பெடியன் பயந்துபோய் அதற்கு விலையைக் குறைத்துச் சொன்னான்.

எண்பத்தைந்தாம் ஆண்டுக் குளிர்காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஜெர்மனியில் எசன் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் போனால் ஒரு சிறு பட்டணம் வரும். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர் ஐஸ் ஹொக்கி அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் அங்கே இன்றைக்கும் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை என்று கேள்வி. அந்த ஊரில் ஒரு பழைய விடுதியில், இலங்கையிலிருந்து அகதியாக வந்த எங்கள் நாற்பது பேரைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அதை ஹைம் என்போம். வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, மற்றதெல்லாம் செய்யலாம் என்றார்கள். அந்த மற்றது என்னவென்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாக இருந்தது. சீட்டு விளையாடினோம். சமைத்தோம். சமைத்ததைப் பற்றிச் சண்டை பிடித்தோம். எங்களிடம் குறைவில்லாமல் இருந்தது கோட் ஒன்றுதான். தேவாலயத்துப் பெண்கள் வாரம் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்குவார்கள். ஆளுக்கு மூன்று கோட், உள்ளே போட ஒரு நல்ல சேட் இல்லை.

ஒருநாள் மத்தியானம் ஹெல்கா வந்தார். ஊர் ஐஸ் ஹொக்கி அணியின் ரிக்கெற் ஜன்னலில் இருக்கிற பெண். ஐம்பது வயதிருக்கும், ஆண்பிள்ளைச் சிரிப்பு. ரிக்கெற் விற்பது, தேநீர் ஊற்றுவது, கிழிந்த சட்டைக்கு நம்பர் தைப்பது எல்லாம் அவர்தான். அணியில் சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்கள் இருந்தார்கள். பார்க்கத்தான் ஆட்கள் இல்லை. ஆகவே ஒரு கட்டு இலவச ரிக்கெற்றோடு எங்கள் சமையலறை வாசலில் நின்றார்.

அந்த நாட்களில் பேப்பரைத் திறந்தாலும் வானொலியைத் திருப்பினாலும் அகதிகள் நாங்கள் அளவுக்கு மிஞ்சிக் கூடிப்போனோம் என்பதுதான் கதை. இந்த மனுசி எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பேர்தானா, மற்ற அறைகளில் ஆட்கள் இல்லையா என்று கேட்டார். எனக்குத்தான் கொஞ்சம் ஜெர்மன் வரும் என்று பெயர். நான் மொழிபெயர்த்தேன்.

"நீ பிழையா விளங்கிப்போட்டாய். திருப்பிக் கேள்," என்றார் சின்னராசா அண்ணை.

சின்னராசா அண்ணை ஊரில் பருத்தித்துறை ரூட்டில் மினிபஸ் கொண்டக்டர். நாற்பது வயது தாண்டியவர், ஒல்லி, எந்தக் கூட்டத்துக்குள்ளும் பக்கவாட்டில் நுழைந்து போவார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். திருப்பிக் கேட்டேன். ஹெல்கா சொன்னது சரிதான். வரலாமா என்றில்லை, எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்கிறார். நாற்பது பேரும் என்றேன். மனுசி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டது. அறைக்குள் ஒரே கூக்குரல்.

குளிர் தாங்கவில்லை என்று நாள் முழுக்கப் புலம்புகிற நாங்கள், ஞாயிறு பின்னேரம் ஹீட்டர் போட்ட அறையை விட்டு ஐஸ் மண்டபத்துக்குப் போனோம். முதல் ஆட்டத்தில் பந்து எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில், கருகின உளுந்து வடை மாதிரி ஒன்று ஐஸில் வழுக்கிப் போகிறது, அதுதான் பந்து என்று ஒருவன் கண்டுபிடித்தான். பாதிப்பேர் அதைக் காணாமலே பருவம் முழுவதும் பார்த்தார்கள். சின்னராசா அண்ணைக்கு ஆட்டத்தைவிட இடைவேளை பிடிக்கும். அப்போது ஒரு வண்டி வந்து ஐஸை மெழுகிக்கொண்டு சுற்றும்.

"ஏறுறவையும் இல்லை, இறங்குறவையும் இல்லை. நல்ல ரூட்," என்பார் ஏக்கமாக.

எங்கள் பெரிய பிழை இரண்டாவது ஆட்டத்தில் தொடங்கியது. முன்பற்கள் இல்லாத ஒரு மொத்தன் எங்கள் அணியில் இருந்தான். அவன் எதிராளி ஒருவனைப் பிடித்துச் சாத்து சாத்தென்று சாத்தினான். நடுவர் விசில் ஊதினார். ஒரு ஆள் கதவைத் திறந்துவிட, மொத்தன் கண்ணாடி அடைத்த ஒரு தனி அறைக்குள் போய் இருந்தான். உள்ளே இருக்க வாங்கு, துவாய், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் தயாராக இருந்தன. அடித்தவனுக்கு என்ன மரியாதை பார் என்று நாங்கள் நாற்பது பேரும் எழும்பி நின்று கைதட்டினோம். அவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்காக அந்த மண்டபத்தில் அதுவரை ஒருவரும் எழும்பி நின்றதில்லைப் போலும். மட்டையைத் தூக்கி எங்களுக்குக் காட்டினான். கண் கலங்கியிருந்தது என்று முன்வரிசைக்காரர் சத்தியம் பண்ணினார்கள்.

அது தண்டனை, அவன் உள்ளே இருக்கும்வரை அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும் என்று ஹெல்கா சொல்லித் தெரியவந்தபோது நான்கு ஆட்டம் கடந்துவிட்டது. அதற்குள், தனி இருக்கை கிடைத்தவன் என்பதால் அவனுக்குக் கதிரையண்ணை என்று பெயரும் வைத்தாயிற்று. இனி நிறுத்தினால் ஆள் மனமுடைந்துபோவான் என்று கூடிப்பேசித் தொடர்ந்தோம். அவனும் நாங்கள் எழும்பி நிற்பதைப் பார்ப்பதற்கென்றே அடித்தான் என்பது என் எண்ணம். அணி தோற்றதில் எங்களுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு.

மாசி மாதம் ஹெல்கா முகம் வாடி வந்தார். அணியின் முதலாளி குளியலறை ஓடு விற்கிற ஒருவர். ஐம்பது கிலோமீற்றரில் உள்ள பெரிய நகரம் ஒன்று அணியைக் கேட்கிறதாம், அங்கே கொண்டுபோகப் போகிறாராம். கடைசி ஆட்டத்துக்கு மண்டபம் நிறைந்தால் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்று நகரசபைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். சொல்லிவிட்டு ஹெல்கா எங்கள் தேநீரைக் குடித்தார். நான் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். அந்த ஊரில் நாங்கள் வந்தால் முகம் மலர்கிற ஒரே கதவு அது. அதுவும் போனால் பிறகு சீட்டுக்கட்டுதான்.

"நிறைப்பம்," என்றார் சின்னராசா அண்ணை.

ஊரில் இருபது பேர் இருக்கிற மினிபஸ்ஸில் அறுபது பேரை ஏற்றி, பொலிஸ் மறித்தால் இருபதாகக் காட்டத் தெரிந்த மனிதர். இங்கே தலைகீழாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஆட்டமில்லாத ஒரு நாளில் மண்டபத்துக்குப் போய் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். ஒன்றாக இருந்தால் நாற்பது பேர் நாற்பது பேராகத்தான் தெரிவோம், பிரித்து இருத்த வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. இங்கே ஒருவர், அங்கே இருவர். நடுவிலுள்ள கதிரைகளில் கோட். ஆளுக்கு மூன்று இருக்கிறதே, ஒன்றைப் போட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் பக்கத்தில் நிமிர்த்தி இருத்தி, மேலே ஒரு தொப்பியையும் வைத்தால் தூரத்திலிருக்கிற முதலாளிக்கு ஆள்தான். ஹைமில் ஒத்திகை பார்த்தோம். என் கோட் ஒன்று என்னைவிட நிமிர்ந்து இருந்தது.

இதற்கிடையில், இந்த அணிக்கு அகதிகள்தான் உயிர் கொடுக்கிறார்கள் என்று ஊர்ப் பேப்பர் படம் போட்டு எழுதிவிட்டது. அதே மாவட்டத்தில் இன்னும் இரண்டு ஹைம் இருந்தன. அவர்களுக்கும் சொல்லி அனுப்பினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கால் துள்ளுகிறது. கதவு திறக்க முதலே போய்க் கோட்டுகளை இருத்திவிட்டோம். பிறகு மற்ற ஹைம்காரர் வந்தார்கள், பெண்கள் குழந்தைகளோடு. அதன் பிறகு ஊர்க்காரர் வரத் தொடங்கினார்கள். பாதிப்பேர் ஆட்டம் பார்க்க, பாதிப்பேர் எங்களைப் பார்க்க. வந்துகொண்டே இருந்தார்கள். இடம் இல்லை. கோட்டுகளை ஒவ்வொன்றாக எழுப்பி ஆட்களை இருத்தினோம். சின்னராசா அண்ணைக்குப் பழைய தொழில் திரும்பிவிட்டது. படிக்கட்டில் பக்கவாட்டாக ஏறி இறங்கி, "உள்ளுக்கை போங்கோ, பின்னாலை இடமிருக்கு, அக்கா பிள்ளையை மடியிலை வையுங்கோ" என்று தமிழில் கத்தினார். ஒரு சொல் விளங்காத ஜெர்மன்காரர் அத்தனை பேரும் நெருங்கி நெருங்கி இருந்தார்கள். ஒரு அம்மா பிள்ளையை மடியிலும் வைத்தார்.

அண்ணை ஒரே பார்வையில் தலைகளை எண்ணி ஹெல்காவுக்குத் தொகை சொன்னார். ஹெல்கா வாசலில் எண்ணி வைத்திருந்ததைவிட அது இரண்டு கூட. தேடிப் பார்த்தால், தூண் மறைவில் இரண்டு கோட் இன்னும் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தன.

ஏழு கோல் வாங்கித் தோற்றோம். கதிரையண்ணை மூன்று தரம் உள்ளே போனான். ஒவ்வொரு தரமும் முழு மண்டபமும் எழும்பிக் கைதட்டியது, நகரசபைக்காரர் உட்பட. அவ்வளவு பேர் ஒன்றாகக் கத்த, அதற்குள் என் குரலும் போனதே, அதை நான் மறக்க மாட்டேன். திரும்பி நடக்கையில் நாங்கள் ஒரு ஊரைக் காப்பாற்றிய படை மாதிரி நடந்தோம்.

பத்து நாள் கழித்து ஹெல்கா வந்து வாசலிலேயே நின்றார். அணி போகிறது. இலவச ரிக்கெற்றில் வந்தவர்கள் கணக்கில் இல்லையாம், முதலாளி கழித்துவிட்டாராம். அவர்களைக் கழித்தால் மண்டபம் நிறையவில்லை.

நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். ஊரில் பேர்பெற்ற வாய்க்காரர், சின்னராசா அண்ணை, கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"அப்ப எங்களை எண்ணேல்லையோ?" என்று கேட்டார்.

அதை நான் ஜெர்மனுக்கு மாற்றவில்லை. என் அகதி விண்ணப்பத்தை முதல்முறை மறுத்த கடிதம் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

ஆனாலும் நாங்கள் லேசில் விடுகிற ஆட்களா? புது நகரத்தில் முதல் ஆட்டத்துக்கு ஹெல்கா எங்களுக்கென்று இடம் பிடித்து வைத்தார். அது வேறு மாவட்டம், போவதற்கு அனுமதி வேண்டும். அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். காரணம் என்ற இடத்தில், எங்கள் அணி போய்விட்டது என்று எழுதியிருந்தேன். அதிகாரி இரண்டு தரம் படித்துவிட்டு, அந்த அணியில் உங்களுக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். சின்னராசா அண்ணை, கதிரையண்ணை மச்சான் முறை என்று சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. வைத்தியர், வழக்கறிஞர், சாவீடு, இவற்றுக்குத்தான் அனுமதி என்றார் அதிகாரி. நல்ல மனிதர், சிரிப்பை அடக்கியதில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் முத்திரை குத்தவில்லை. அணி எல்லை தாண்டலாம், பார்க்கிறவர்கள் தாண்ட ஏலாது.

அவர்கள் போன அன்று பஸ்ஸை ஹைம் வாசலில் நிறுத்தினார்கள். ஆட்டக்காரர்கள் இறங்கிக் கைகொடுத்தார்கள். கதிரையண்ணை சின்னராசா அண்ணையைத் தூக்கியே விட்டான். எல்லோரும் ஏறிய பிறகு அண்ணை மிதிபலகையில் ஏறி, உள்ளே எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினார். இறங்கினார். கதவு சாத்தியதும் பஸ்ஸின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "றைற்" என்றார். ஒரு கொண்டக்டர் வாயால் அந்தச் சொல்லைத் தன் வாழ்நாளில் கேட்டிராத சாரதி வண்டியை எடுத்தான். நாங்கள் நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணையும் சிரித்தார், பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அந்த மண்டபம் இப்போது இல்லை, இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். ஹைமும் இல்லை. ஹெல்காவுக்குப் போட்ட கடிதம், அந்த விலாசத்தில் ஆள் இல்லையென்று திரும்பி வந்தது. சின்னராசா அண்ணை எண்பத்தெட்டில் கனடா போனார். அங்கே எல்லோரும் இந்த விளையாட்டைத்தான் பார்க்கிறார்களாம், ரிக்கெற் எடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

எண்பத்தொன்பதில் என்னை அகதியாக ஏற்றுக்கொண்ட கடதாசி வந்தது. இனி எங்கேயும் போகலாம். மறுநாளே ரயிலேறி நான் போனது அந்தப் பெரிய நகரத்துக்குத்தான். விசாரித்து விசாரித்து மண்டபத்தைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒருவர் ஏணியில் நின்று அணியின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அணியைக் கலைத்துவிட்டார்கள், பார்க்க ஆட்கள் வருவதில்லை என்றார். நாங்கள் வந்திருப்போமே என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார்.

விரலை மடித்துப் பார்த்தேன். பாதிப்பேர் கனடா. சிலர் பாரிஸ், லண்டன். இருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மண்டபத்தில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் தானாகவே ஊருக்குத் திரும்பிப் போனான், பிறகு கடிதம் இல்லை.

இப்போதைக்கு நான் ஒருவன்தான் என்றேன். அப்படியென்றால் ஏணியைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றார். பிடித்துக்கொண்டேன். அவர் பலகையைக் கீழே இறக்கினார்.