மூணாவது ஓலை

ஒன்றரை வருஷம் நான் கோயில்ல திருவிருந்து அப்பமும் ரசமும் எடுக்கல. விழுப்புரத்துல எங்க சபையில யாருக்கும் அது தெரியாது. தெரியாதபடி நான் பார்த்துக்கிட்டேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் இன்னிக்கு உங்க முன்னாடி சொல்லப்போறேன். கேக்கறவங்க என்னைத் திட்டினாலும் பரவாயில்ல, என்னை மன்னிச்ச ஆண்டவரை நீங்க தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

என் பேரு கிருபா. 1983-ல எனக்கு இருபத்தேழு வயசு. மிஷன் பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர். அப்போ திண்டிவனத்துலருந்து ஒரு குடும்பம் என்னைப் பொண்ணு பார்க்க வந்துச்சு. காபி குடிச்சாங்க, பலகாரம் தின்னாங்க, ஜெபம் பண்ணாங்க, போனாங்க. ஒரு வாரம் கழிச்சு, பொண்ணுக்குக் கொஞ்சம் வயசு தெரியுதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சரி, தொலையுதுன்னு விட்டேன். ஆனா அடுத்த மாசமே அதே மாப்பிள்ளையை ரோஸ்லினுக்குப் பேசி முடிச்சுட்டாங்க. ரோஸ்லின் எங்க பள்ளிக்கூடத்துலயே ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். பாடகர் குழுவுல என் பக்கத்துல நிப்பா. என்னைவிட நாலு வயசு சின்னவ. வாய் நிறைய "கிருபாக்கா, கிருபாக்கா"ன்னு கூப்பிடுவா.

எனக்கு வயிறு எரிஞ்சுது. நல்லா எரிஞ்சுது. இதுல மூடி மறைக்க ஒண்ணுமில்ல.

எங்க சபையில கல்யாணம்னா மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது இருந்தா சொல்லலாம்னு போதகர் ஐயா எல்லாருக்கும் முன்னாடி அறிவிப்பாரு. ஜூலை மாசம் ரோஸ்லினுக்கு மொத ஓலை வாசிச்ச அன்னிக்கே, நான் வீட்டுக்கு வந்து இடது கையால ஒரு மொட்டைக் கடிதாசி எழுதினேன். பொண்ணுக்கு டி.பி. இருக்குது, மாத்திரை சாப்பிட்டுக்கினு மறைச்சு வெச்சிருக்காங்கன்னு எழுதினேன். அவ சின்னப் பொண்ணா இருந்தப்போ அவங்கம்மாவுக்கு அந்த வியாதி வந்து குணமானது உண்மை. பாதி உண்மையைக் கலந்தா பொய் நல்லா நிக்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தரல, தானா வந்துச்சு. மறுநாளே மாப்பிள்ளை வீட்டு விலாசம் போட்டுத் தபால் பெட்டியில போட்டுட்டேன். அதுக்கு அடுத்த நாள் ரோஸ்லின் கல்யாண ஜாக்கெட் துணியோட வந்து நிக்கறா. நான் டேப்பை எடுத்து அளவெடுத்தேன். கழுத்து எப்படி வேணும்னு கேட்டுக் குறிச்சும் வெச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது ஓலை வாசிச்சாங்க. மூணாவது ஓலை வாசிக்கல.

ஐயா அறிவிப்பெல்லாம் முடிச்சுட்டு பிரசங்கத்துக்குப் போயிட்டாரு. சபையில ஒரு முணுமுணுப்பு. ரோஸ்லினோட அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கினு குனிஞ்சவங்க கடைசிவரைக்கும் நிமிரல. ரோஸ்லின் என் பக்கத்துல நின்னு பாட வாயைத் திறந்தா, சத்தம் வரல. நான் அவளுக்கும் சேர்த்து சத்தமா பாடினேன். எவ்வளவு திமிர் பாருங்க எனக்கு!

கல்யாணம் நின்னதோட போயிருந்தா கூட ஒருவேளை நான் மறந்திருப்பேன். மாப்பிள்ளை வீட்டுலருந்து டி.பி. பேச்சு இங்க பரவிடுச்சு, ஊர் விடல. அவங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்க ஆளுங்க தயங்கினாங்க. எங்க புள்ளைங்களை அவங்க கிளாஸ்ல போடாதீங்கன்னு ரெண்டு மூணு பேரு பள்ளிக்கூடத்துல வந்து சொன்னாங்க. பாவம், அவ பெரியாஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து, சர்டிபிகேட் வாங்கிக்கினு வந்தா. "சர்டிபிகேட் வாங்கறது என்ன பெரிய விஷயம்?"னு பேசினாங்க. அதையும் என் காதுலதான் வந்து சொன்னாங்க.

அடுத்த மொத ஞாயிறு திருவிருந்து. முழங்கால் போட்டேன். பக்கத்துல யாருன்னு பார்த்தா ரோஸ்லின். ஐயா அப்பத்தை எடுத்துக்கினு ஒவ்வொருத்தரா வர்றாரு. பாவத்தை மறைச்சுக்கினு இதை வாங்கினா இங்கயே விழுந்து செத்துப்போயிடுவேன்னு ஒரு பயம். மயக்கம் வருதுன்னு சொல்லி எழுந்து வெளிய ஓடிட்டேன்.

அதுலருந்து ஓட்டந்தான். எங்க சபையில திருவிருந்து எடுக்கறவங்க சனிக்கிழமையே ஐயாகிட்ட பேர் கொடுக்கணும். பேர் வரலன்னா கூப்பிட்டுக் கேப்பாரு. நான் முந்திக்கினு, "திண்டிவனத்துல அக்கா வீட்டுக்குப் போறேன் ஐயா, அங்க எடுத்துக்கறேன்"னு சொல்லிடுவேன். மொத ஞாயிறு விடிஞ்சதும் திண்டிவனம் பஸ்ஸு. அங்க திருவிருந்து கடைசி ஞாயிறு. அந்த வாரம் வாயேண்டின்னு அக்கா கூப்பிட்டா, "நான் விழுப்புரத்துலயே எடுத்துட்டேங்க்கா"ன்னுடுவேன். ரெண்டு ஊருக்கும் நடுவுல நல்லா கண்ணாமூச்சி ஆடினேன்.

உக்காந்தா உக்கார முடியல, படுத்தா படுக்க முடியல. மெஷின்ல ஊசி ஊசியா ஒடைஞ்சுது. ரோஸ்லின் வராண்டாவுல வந்தா நான் வேற வழியா போவேன். ஜெபம் பண்ணாம இல்ல. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். ஆண்டவரே மன்னியும், மன்னியும்னு அழுதேன். எழுந்து முகம் கழுவினா திரும்பவும் அதே பேஜாரு. இவ்வளவு கேக்கறேன், உமக்குக் காது கேக்கலயான்னு ஆண்டவர்மேலயே எனக்குக் கோவம் வந்துச்சு.

1984 டிசம்பர் மொத ஞாயிறு. வழக்கம்போல திண்டிவனம் ஓடினேன். ஆராதனைக்குள்ள போனா, ஐயோ, எங்க விழுப்புரம் ஐயா அங்கியோட நிக்கறாரு! அந்த ஊரு போதகருக்கு ராத்திரி திடீர்னு உடம்பு சரியில்லாம போச்சாம், எங்க சபைத் திருவிருந்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவெச்சுட்டு எங்க ஐயா இங்க வந்துட்டாராம். ஆராதனை முடிஞ்சு ஓடப் பார்த்தேன். அக்கா விடல. கையைப் பிடிச்சு இழுத்துக்கினு போய், "ஐயா, எங்க கிருபா உங்க சபையில ஒழுங்கா திருவிருந்து எடுக்கறா இல்லீங்களா?"ன்னு பெருமையா கேட்டுடுச்சு.

ஐயா என்னைப் பார்த்தாரு. "எங்கிட்ட திண்டிவனத்துல எடுக்கறேன்னு சொன்ன. எங்கதாம்மா எடுக்கற?"

அக்கா சிரிச்சுது. நான் அழுதுட்டேன். ஐயா அக்காவை வீட்டுக்கு அனுப்பிட்டு என்னை மரத்தடி பெஞ்சுல உக்கார வெச்சாரு. எல்லாத்தையும் கொட்டினேன். ஆறுதலா ஏதாவது சொல்லுவாருன்னு பார்த்தா, "ரோஸ்லினுக்குத் தெரியுமா?"ன்னாரு.

"தெரியாது."

"ஆண்டவர் மன்னிக்கறவருதாம்மா. ஆனா அந்தப் பொண்ணு பேரு இன்னும் கெட்டுத்தான கிடக்குது?"

"ஐயா, நீங்களே அவகிட்ட சொல்லிடுங்களேன்."

"நான் கடிதாசி எழுதலம்மா."

கன்னத்துல அறைஞ்சாக்கூட அப்படி வலிச்சிருக்காது. என்கூட ஜெபம் பண்ணாரு. அன்னிக்குத்தான் நான் என் ஜெபத்தை மாத்தினேன். மன்னியும்னு கேக்கல. வாயைத் திறக்க பலம் கொடும்னு கேட்டேன்.

பஸ்ஸு விட்டு எறங்கி நேரா ரோஸ்லின் வீட்டுத் தெருவுக்குப் போனேன். ரெண்டு தடவை வாசலைத் தாண்டிப் போயிட்டேன். மூணாவது தடவை உள்ள போனேன். அம்மாவும் பொண்ணும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சுக்கினு இருந்தாங்க. "வாங்க கிருபாக்கா"ன்னா. நான் நின்னுக்கினே சொன்னேன். அவங்கம்மா மாருல அடிச்சுக்கினு, "நீ நல்லா இருப்பியாடி"ன்னு கத்தினாங்க. ரோஸ்லின் கத்தல.

"ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தீங்களே, அப்பவே எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"வெளிய போங்க டீச்சர்."

மாப்பிள்ளை வீட்டுக்கும் பேர் போட்டு, வலது கையால எழுதினேன். பதில் வரல. அந்த ஆளுக்கு அந்த வருஷம் மே மாசமே வேற இடத்துல கல்யாணம் ஆகிப்போச்சு. அதை நான் திருப்பிக் கொடுக்க முடியுமா? முடியாது. மன்னிப்பு ஒரு பக்கம், நான் செஞ்ச நஷ்டம் நஷ்டந்தான்.

மூணு வாரம் அவ என் முகத்தைப் பார்க்கல. நான் தினமும் ஜெபிச்சேன், என் நிம்மதிக்காக இல்ல, அவளுக்காக. கிறிஸ்துமஸ் முடிஞ்ச வாரம் அவளே வீட்டுக்கு வந்தா. வாசல்லயே நின்னுக்கினு சொன்னா: "மன்னிக்கணும்னு ஜெபம் பண்றேன், வரமாட்டேங்குது. பொய் சொல்லி மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு இஷ்டமில்ல. என் பேரு எல்லாருக்கும் முன்னாடி போச்சு. எங்க ஓலை நின்னுதோ, அங்க சொல்லுங்க."

எங்கப்பா சபைக் கமிட்டியில இருந்தாரு. "குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைக்கப்போறியா?"ன்னு குதிச்சாரு. என் வேலையும் போகலாம். ஆனா அந்த ஒன்றரை வருஷத்தை இன்னும் ஒரு நாள் நீட்டிக்க எனக்குத் தெம்பு இல்ல.

1985 ஜனவரி மொத ஞாயிறு. பிரசங்கம் முடிஞ்சதும் ஐயா என்னைக் கூப்பிட்டாரு. முன்னாடி போய் நின்னேன். "ரோஸ்லினுக்கு எந்த வியாதியும் இல்ல. பொறாமையில நான் எழுதின பொய் அது"ன்னு சொன்னேன். "சீ!"ன்னு யாரோ சொன்னது கேட்டுச்சு. எங்கப்பா எழுந்து வெளிய போயிட்டாரு. இடது கையால எழுதினதையும் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்ததையும் ஒண்ணொண்ணா சொல்லிக்கினே போனேன்.

பாடகர் வரிசையிலருந்து ரோஸ்லின் எறங்கினா. அவளும் வெளிய போறான்னுதான் நினைச்சேன். அவ நேரா வந்து என் முழங்கையைப் பிடிச்சா. சபையைப் பார்த்து சொன்னா: "நேத்து வரைக்கும் என்னால முடியல. இப்ப முடியுது. இவங்களை நான் மன்னிச்சுட்டேன். இனிமே யாரும் இவங்களை இதை வெச்சு ஒரு வார்த்தை பேசக்கூடாது." அப்புறம் என் பக்கம் திரும்பி, "போதும்க்கா, வாங்க"ன்னா.

ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல முழங்கால் போட்டோம். நான் கையை நீட்டினேன். வாங்கினேன். சாகல. ஐயோ, அன்னிக்குத்தான் பொழைச்சேன்! என் ஆண்டவருக்கு நான் எப்படி நன்றி சொல்லித் தீர்க்கப்போறேன்?

வேலை போகல. அப்பா மூணு மாசம் பேசல, அப்புறம் பேசினாரு. ரோஸ்லினுக்கு அடுத்த வருஷம் ஒரு நல்ல இடத்துல கல்யாணம் ஆச்சு. என் நாக்கு இன்னும் நீளந்தான், ஆனா யாரைப் பத்தியாவது பேச வாயெடுத்தா, அவங்க எதிர்ல நின்னா இதைச் சொல்லுவியாடின்னு என்னையே கேட்டுக்கறேன். பாதிப் பேச்சு அதுலயே குறைஞ்சுபோச்சு.

இதைக் கேக்கற உங்கள்ல யாருக்காவது நெஞ்சுல முள்ளு மாதிரி ஒரு பேரு குத்திக்கினு இருக்குதா? அந்த ஆளுகிட்ட போங்க. ஆண்டவர் கூட வருவாரு, என்கூட வந்தாரு. அவர்கிட்ட நான் ஆயிரம் தடவை சொல்லிட்டேன். ரோஸ்லின்கிட்ட ஒரே ஒரு தடவை சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. நீங்க அவ்வளவு நாள் கஷ்டப்படாதீங்க.