நாதஸ்வரக்காரரின் நுரையீரல்

நோய் தேறி, காசநோய் ஆஸ்பத்திரியை விட்டு அன்னூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பத்து மரத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றேன். வழியனுப்ப யாரும் வரவில்லை. வருவதற்கு ஆளும் இல்லை.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்களில் படுத்திருப்பவர்களுக்கு, நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன்.

மூட்டை தூக்கி ஊர் ஊராகத் திரிந்தவன் நான். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் படுத்தேன். பக்கத்துக் கட்டிலில் சோமனூர் பழனிச்சாமி, தறிப்பட்டறைக்காரர். அவருக்கும் அதே நோய்தான். ஆனால் ஞாயிறுதோறும் மனைவி வருவார். வீட்டிலிருந்து கிராமபோன் பெட்டியும் வந்தது. இசைத்தட்டு சுழலும்போது கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுவார். எனக்கு ஒன்றும் புரியாது. அவருக்கு மட்டும் என்ன கேட்கிறதென்று வயிறு எரிந்தது.

ஒரு நாதஸ்வரத் தட்டில் எனக்கும் ஒன்று பிடிபட்டது. ஊதுகிறவர் மூச்சே வாங்கவில்லை! தட்டு முடியும்வரை ஒலி அறுபடவே இல்லை. அந்த நுரையீரலின்மேல் பொறாமை வந்தது. தட்டு சுற்றும்போதெல்லாம் அவரோடு போட்டியாக மூச்சை அடக்கினேன். இருபது எண்ணும்வரை தாங்கினேன். ஒருநாள் தலையணையெல்லாம் ரத்தம்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "ஆறிக்கிட்டிருந்த குழியப்பா (நுரையீரலில் நோய் அரித்த இடம்). என்ன செஞ்சே?"

சொன்னேன்.

"தட்டோடயா போட்டி? இன்னும் நாலு மாசம் படு."

பழனிச்சாமிக்குச் சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "ஏனுங்க, அது ரெண்டு ஆளுங்க! ஒத்துக்காரரு பக்கத்துல நின்னு ஒரே சுருதிய ஊதிக்கிட்டே இருப்பாருங்க. நாதஸ்வரக்காரரு மூச்சு வாங்கறப்ப கேக்கறது அதுதானுங்க. இன்னொருக்கா வெக்கறேன், கேளுங்க."

கேட்டேன். ஒரு வரி முடிந்து நாதஸ்வரம் நின்றது. அடியில் மெல்லிய ஒலி மட்டும். அந்த இடைவெளியில் ஒரு மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் இசை கேட்கத் தொடங்கியது அன்றுதான்.

பொறாமை போகவில்லை. நாதஸ்வரக்காரர் நிறுத்தும்போது விடாமல் ஊத ஒருவர் இருந்தார். பழனிச்சாமிக்கும் மனைவி இருந்தார்.

கோழைப் பரிசோதனையில் (சளியில் கிருமி பார்ப்பது) அவர் எனக்கு முன்பே தேறினார். "வாரேனுங்க" என்று பெட்டியோடு போய்விட்டார். தட்டில்லாத அந்த மாதங்களில் என் மூச்சு எங்கே முடிகிறதென்று கேட்டுக் கேட்டுப் பழகினேன். இப்போது எனக்கு நேரம் என்பது மணியல்ல. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி.

ஆஸ்பத்திரியை விட்ட மறுநாள் காலை அன்னூரில் ஒரு மைக் செட் கடையில் வேலை கேட்டேன்.

"தென்னைமரத்துல ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவியா?" என்றார் முதலாளி.

"மூச்சுப் பத்தாதுங்க. ஏறறவருக்குக் கீழ நின்னு கயிறு புடிக்கறேனுங்க."

ஏற இறங்கப் பார்த்தார். "அவன் கட்டி முடிக்கற வரைக்கும் உடக்கூடாது."

"உடமாட்டேனுங்க," என்றேன். அன்றே ஒரு கல்யாண வீட்டில் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள்.